மாமியாரின் முகம் வரும் இடம்

எனக்குச் சினிமாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் நாலு வார்த்தை இருக்கும். பெரிய நடிகர்களின் படங்களுக்கு என் தயவு தேவையில்லை, அவற்றைப் பற்றி ஊரே பேசும். சில நாள் ஓடிவிட்டுப் பெட்டிக்குள் போன படங்கள், தொலைக்காட்சியில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் போட்ட படங்கள், யாருடைய மேடையிலோ கலியாணத்திலோ எடுத்துக் கைமாறிக் கைமாறி வந்த வீடியோக் கசெட்டுகள், இவைதான் எனக்குப் பிடித்தவை. நாதியற்ற படங்கள் என்று என் கணவர் கேலி செய்வார். நாதியற்றவைகளுக்கு நானாவது இருக்கிறேனே என்பேன்.

நான் வத்தேகமையில் பிறந்தவள். அப்பாவுக்கு அங்கே ஒரு சில்லறைக் கடை இருந்தது. சரக்கெடுக்கக் கண்டிக்குப் போகும்போது சில சமயம் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். மூட்டைகள் லொறியில் ஏறியதும் நாங்கள் இருவரும் தியேட்டருக்குள் ஏறிவிடுவோம். அப்படித்தான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எடுத்த நம் நாட்டுத் தமிழ்ப் படம் ஒன்றைப் பார்த்தேன். இந்தியப் படம் வரத் தாமதமானதால் இடத்தை நிரப்பப் போட்ட படம் அது.

கதாநாயகி கொழுந்து பறிக்கிறாள். கூடைக் கயிற்றைத் தலையில் போடாமல் தோளில் போட்டிருக்கிறாள். கொண்டை கலைந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பறித்துப் போடுவதெல்லாம் முற்றின இலை. அன்று தியேட்டரில் தோட்டத்துச் சனம் நிறைய இருந்தது. முன்வரிசையிலிருந்து ஒரு பொம்பளை, "அடியே, கங்காணி வந்தா கூடையக் கொட்டிக் கவுத்துடுவாருடி" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். தியேட்டரே சிரித்தது. அப்பாவும் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

கதை உப்புச் சப்பில்லாதது. வசனம் எல்லாம் மெட்ராஸ் வசனம், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஆனால் ஒரு காட்சியில் மகனும் தாயும் லயத்து வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறிவந்து இருவரையும் சுற்றிக்கொள்கிறது. அது யாரும் ஏற்பாடு செய்த பனிமூட்டம் இல்லை, தன் பாட்டுக்கு வந்தது. படம் எடுத்தவர் அதை வெட்டியெறியாமல் விட்டிருந்தார். அந்த ஒரு காரியத்துக்காக அந்த மனிதரை நான் இன்றைக்கும் மெச்சுவேன்.

அந்தப் படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் அதன் பிரதிகள் எரிந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதே கலவரத்தில்தான் எங்கள் கடையும் எரிந்தது. அரிசி மூட்டை, பருப்பு மூட்டை, அப்பா உட்காரும் ஸ்டூல் எல்லாம் போயிற்று. கடைக்காக வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் கடைக்காகவும் அழுதேன், அந்தப் படத்துக்காகவும் அழுதேன். இரண்டாவதை வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செருப்படிதான் விழுந்திருக்கும்.

அப்பாவுக்கு மறுபடி கடை போடத் தெம்பு இருக்கவில்லை. கண்டியில் ஒரு சொந்தக்காரரின் புடைவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார், நாங்களும் கண்டிக்கு வந்துவிட்டோம். என் கணவர் எங்களுக்கு அடுத்த வீட்டில் அறை எடுத்து இருந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். கலவரம் தொடங்கிய பொழுது அவர் தியேட்டர் ஒன்றுக்குள் இருந்திருக்கிறார். படம் பாதியில் நின்று, விளக்கைப் போட்டு, ஆட்களை வெளியே போகச் சொல்லியிருக்கிறார்கள். வெளியே வந்தால் தெருவில் புகை. பின்பக்கத்துக் கழிவுநீர்க் கானுக்குள் இறங்கி ஓடித் தப்பியிருக்கிறார். போர்டிங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது அதுவும் எரிந்துகொண்டிருந்தது. அவருடைய ட்ரங்குப் பெட்டி உள்ளே இருந்தது. சட்டைகள், சான்றிதழ்கள், அவரிடம் இருந்த அம்மாவின் ஒரேயொரு படம், எல்லாம் அந்தப் பெட்டிக்குள்.

"சட்டை வாங்கலாம். சேட்டிபிக்கட் திரும்ப எடுக்கலாம். படத்துக்கு என்ன, அம்மாதான் இருக்கிறாவே" என்று எங்கள் கலியாணத்துக்கு முன்பு ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அந்த அம்மா எங்கள் கலியாணத்துக்கு வரவில்லை. கண்டியில் வேலை செய்யப் போன மூத்த மகன் மலைநாட்டுப் பெட்டையைக் கட்டினால் வீட்டுப் படலைக்குள் அவள் காலடி வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். நானும் சைவ சமயம்தான், நாங்களும் குளித்துத் திருநீறு பூசித்தான் சாப்பிடுகிறோம், அந்த அம்மாவுக்கு என்ன குறைச்சல் வந்துவிடப் போகிறது என்று பொரிந்தேன். அம்மாவுக்கு என் கணவர் கடிதம் எழுதுவார், பதிலும் வரும். அந்தப் பதில்களில் நான் இருக்கமாட்டேன். மகன் சுகமா, மகன் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா என்றுதான் இருக்கும். சமைத்துப் போடுகிறவள் நான்.

அவர் தனியாக யாழ்ப்பாணம் போய் வருவார். போகும்போது, "இந்தமுறை கதைச்சுப் பாக்கிறன்" என்பார். திரும்பி வரும்போது, "அடுத்தமுறை பாப்பம்" என்பார். பிறகு சண்டை முற்றிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள், அவராலும் போக முடியாமல் போய்விட்டது. கலியாணமாகி அத்தனை வருடமாகியும் என் மாமியாரை நான் பார்த்ததில்லை, படத்தில்கூட.

கலவரத்துக்குப் பிறகு என் கணவர் தியேட்டருக்குள் காலெடுத்து வைத்ததில்லை. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி வந்த பிறகும் கதிரையை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருவார். ஆனால் கதை கேட்கப் பிடிக்கும். சோற்றுக்கு உட்காரும்போது, "இண்டைக்கு என்ன படம் பாத்தனீர்?" என்று கேட்பார். நான் சொல்லுவேன். படத்தைவிட நான் சொல்லும் கதை நீளம் என்று அவருக்குக் குறை. ஆனால் நடுவில் நிறுத்தினால் விடமாட்டார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு சிங்களப் படம் போட்டார்கள். பெயர்பெற்ற படமில்லை, பாட்டில்லை, சண்டையில்லை. ஒரு கிராமத்துத் தாய் பஸ் தரிப்பிடத்துக்கு வருகிறாள், போகிறாள். மகன் ஆமிக்குப் போயிருக்கிறான். ஒவ்வொரு பஸ்ஸாக வருகிறது, யார் யாரோ இறங்குகிறார்கள். படம் முழுக்க அவ்வளவுதான். முதலில் எனக்கு அலுப்பாக இருந்தது, எழும்பிப் போய்த் தேங்காய் துருவிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். அதன்பிறகு என்னால் எழும்ப முடியவில்லை. அந்த நடிகை யாரென்று எனக்கு இன்றும் தெரியாது. ஓரிடத்தில் இறங்குகிறவன் மகனில்லை என்று தெரிந்த பிறகும், அந்தப் பையனுடைய பையைத் தூக்கிவிட ஒரு கை கொடுக்கிறாள். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதைக் கணவரிடம் சொன்னபோது அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். அடுத்த வீட்டில் ஒரு சிங்களக் குடும்பம், அவர்களுடைய பிள்ளை ஒருவனும் வடக்கே போயிருந்தான். அந்த வீட்டம்மா காலையில் தண்ணீர் பிடிக்கும்போது தபால்காரன் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். "பாவம் அந்த மனிசி" என்றார். படத்துத் தாயைச் சொன்னாரா, பக்கத்து வீட்டம்மாவைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தன் அம்மாவின் நினைப்பும் வந்திருக்கும்.

இன்னொரு முறை கனடாவிலிருந்து ஒரு கசெட் வந்தது. அவருடைய தம்பி அங்கே இருந்தார், தம்பியின் மகளுக்கு அரங்கேற்றம். எங்களிடம் கசெட் போடும் டெக் இல்லை. இரண்டு வீடு தள்ளியிருந்த லாத்தா வீட்டில்தான் நான் கசெட் பார்ப்பது. அவர் கெலிஓயாவிலிருந்து கண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முஸ்லிம் பெண், என்னைவிட மூத்தவர், அவர்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். நானும் லாத்தாவும் அந்த அரங்கேற்றத்தை முழுசாகப் பார்த்தோம். அதில் பாதி பேச்சு. ஒவ்வொரு மாமாவும் மேடையில் ஏறித் தன்னைப் பற்றிப் பேசினார். நட்டுவாங்கம் செய்த ஆசிரியையின் இருமல் மைக்கில் தாளத்தை விடப் பலமாகக் கேட்டது. பிள்ளை ஆடியது குற்றம் சொல்ல முடியாத ஆட்டம், அதனாலேயே எனக்கு மனதில் நிற்கவில்லை. கடைசியில் காமெராவை நிறுத்த மறந்துவிட்டார்கள். பிள்ளை திரைக்குப் பின்னால் சலங்கையோடு தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஸ்ட்ரோ வைத்து ஜூஸ் குடிக்கிறது. குடித்து முடிந்தும் சத்தம் வர உறிஞ்சுகிறது. அந்த இடம்தான் அரங்கேற்றம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "அம்மாவும் இதைப் பாத்திருப்பாவோ" என்றார். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை என்பதை அவரே பிறகு நினைத்துக்கொண்டார்.

மாமியார் இறந்த செய்தி கனடா சுற்றித்தான் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு வந்த ஒருவர் கனடாவுக்குச் சொல்ல, தம்பி அங்கிருந்து கந்தோருக்கு டெலிபோன் எடுத்துச் சொன்னார். அதற்குள் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்திருந்தது. கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் அன்றைக்குக் கந்தோரில் கோப்புக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார், மத்தியானம் என் கையால் மீன் குழம்பும் சாப்பிட்டிருக்கிறார். அந்த மீன் குழம்பை நினைத்து நினைத்துக் குமைந்தார். மகாவலியில் போய் முழுகிவிட்டு வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பார்க்காத ஆளுக்கு எப்படி அழுவது? கணவரைப் பார்த்துத்தான் அழுதேன்.

"ஒரு படமாவது அனுப்பச் சொல்லி எழுதியிருக்கலாம்" என்றார். "அம்மா இருக்கிறாதானே எண்டு இருந்திட்டன்."

சில மாதங்கள் கழித்து மாமியாரின் ஊர் ரீச்சர் ஒருவர், கடல்நீரேரியில் வள்ளத்தில் வந்து, வவுனியாவில் பாஸ் எடுத்துக் கண்டிக்கு வந்தவர், எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். பழைய சேலைக்குள் சுற்றி ஒரு கசெட் கொண்டுவந்திருந்தார். செத்தவீட்டு வீடியோ. யாழ்ப்பாணத்தில் அது வழக்கம். பிள்ளைகள் ஆளுக்கொரு தேசத்தில் இருப்பதால் செத்தவீட்டையும் கலியாணவீட்டைப் போல வீடியோ எடுத்து அனுப்புவார்கள். எனக்கு அந்த வழக்கம் புதிது. எங்கள் பக்கத்தில் சவத்துக்கு முன்னால் காமெராவோடு ஒருவன் நின்றால் அவன் முதுகுத்தோல் உரிந்துவிடும். கசெட்டைச் சோதனையில் பிடித்து, டெக்கில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்களாம். என் மாமியாரின் சாவை எங்களுக்கு முந்தி ஆமிக்காரர்கள் பார்த்துவிட்டார்கள்.

ரீச்சர் போன பிறகு கணவர் கசெட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அதை மேசையில் வைக்கவும் இல்லை, என்னிடம் தரவும் இல்லை. மறுநாள் கந்தோருக்குப் போகும்போதுதான் என் கையில் தந்தார்.

"நீர் பாத்திட்டுச் சொல்லும்" என்றார்.

"நீங்க பார்க்க வேணாமா?"

"முழுக்க என்னால ஏலாது. அம்மான்ர முகம் வாற இடம் எதெண்டு பாத்து வையும். அதை மட்டும் பாக்கிறன். எனக்கு அது காணும்."

எத்தனையோ படங்களை அவருக்காகப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைத் தேடிப் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு முகம் வேண்டும். அதைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியவள், அந்த முகத்தை ஒருநாளும் பார்த்திராத நான். லாத்தாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "வாங்க புள்ள, இரிங்க" என்று கதவைச் சாத்திவிட்டுத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதலில் ஒரு மட்டை. அதில் மாமியாரின் பெயரும் திகதியும் கையால் எழுதியிருந்தது. மட்டையைப் பிடித்திருந்தவரின் பெருவிரல் ஒரு எழுத்தை மறைத்தது. அடுத்தது சுவரில் மாலை போட்ட படம். ஆனால் வாசல் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து, முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம். மாலை தெரிகிறது, சட்டம் தெரிகிறது, சேலைக் கரைகூடத் தெரிகிறது. ஒரு அடி தள்ளி நின்றிருந்தால் போதும். அட பாவி, ஒரு அடி.

அதன்பிறகு காமெராக்காரன் வாசல் படலைக்குப் போய்விட்டான். வருகிற ஆட்களை ஒவ்வொருவராக எடுக்கிறான். வெள்ளை வேட்டி, நாலு முழம், சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வருகிறவர்கள், குடையை மடக்குகிற பெண்கள். அவன் பக்கத்தில் நின்று ஒரு பெண் கையை நீட்டி நீட்டி, இவரை எடு, அவரை எடு என்று காட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தாடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் நாத்தனார், கணவரின் தங்கை. என் கணவருக்குச் சேலை கட்டிவிட்டதுபோல இருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது, ஆனாலும் ஒருவரையும் விடவில்லை. எனக்கு ஏனென்று புரிந்தது. யார் வந்தார்கள் என்று வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தேடிப் பார்ப்பார்கள். ஒருவர் விட்டுப்போனாலும் மனத்தாங்கல் வரும், அவர் வரவில்லை என்று ஆகிவிடும்.

லாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன புள்ள இது, மய்யித்துட மொகத்தக் காட்டாம வாற போற ஆக்களயே காட்டுறானே இவன்" என்றார்.

"காட்டுவான் லாத்தா, காட்டுவான்" என்றேன்.

பறை அடிக்கிறார்கள். ஐயர் வருகிறார். சுண்ணம் இடிக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்க வேண்டிய இடத்தில் நாத்தனாரின் சின்ன மகள் ஒருத்தி மட்டும் தீப்பந்தத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், புகை கண்ணில் படுகிறது. காமெரா கடைசியில் சவப்பெட்டிப் பக்கம் வந்தது. முதலில் கால்கள். இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பாதம் சின்னதாக, வெடிப்போடு இருந்தது. காய்கறித் தோட்டத்தில் மண் மிதித்த பாதம், என் அம்மாவின் பாதம் மாதிரியே. இந்தக் கால்களையா நான் இத்தனை வருடம் திட்டிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. காமெரா கால்களிலிருந்து மெல்ல மேலே ஏறுகிறது. வெள்ளைச் சேலை, கட்டிய கைகள், கழுத்து. வாய்க்கரிசி போடக் கூப்பிடுகிறார்கள். பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து பெட்டியைச் சுற்றி ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிறார்கள். முதுகுகள், கொண்டைகள், முதுகுகள். ஒரு முதுகு விலகுகிறது.

அத்தோடு படம் அறுந்தது. சாம்பல் நிறத்தில் கொஞ்சம் புள்ளிகள் ஓடின. பிறகு ஒரு சிரிப்பு நடிகர் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துரத்துகிற நாய்க்கு முன்னால் ஓடினார்.

லாத்தா எழும்பிப் போய் நிறுத்தினார். நான் திரும்பவும் போடச் சொன்னேன், இரண்டாம் முறையும் அங்கேயே அறுந்தது. ரீச்சரைத் தேடிப் போய்க் கேட்டபோதுதான் விளங்கியது. காமெராவுக்கு ஒரேயொரு பற்றரிதான் இருந்ததாம், அதையும் யாருடைய ஜெனரேட்டரிலோ சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்தானாம். வருகிறவர்களை எடுத்து முடிக்கும்போதே அது இளைத்துவிட்டது. புதுக் கசெட்டும் அங்கே கிடையாது. யாரோ வைத்திருந்த பழைய படக் கசெட்டின் மேலேதான் பதிந்திருந்தார்கள். யாரை நோவது? வருகிறவர்களை எடுக்கச் சொன்ன நாத்தனாரையா? அவளுக்கு அம்மாவின் முகம் கண்முன்னால் இருந்தது. அதை எடுக்க வேண்டுமென்று அவளுக்கு எப்படித் தோன்றும்? அம்மாவின் படம் அண்ணனிடம் இருக்கிறது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள். பெட்டி எரிந்ததைச் சொன்னவர் படம் எரிந்ததைச் சொல்லியிருக்கமாட்டார்.

அன்று கணவர் வந்ததும் கை கால் கழுவினார், சட்டையை மாற்றினார், சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார். நான் சோறு போடவில்லை.

"கண்டுபிடிச்சனீரோ?" என்றார்.

"இல்லைங்க."

"வடிவாப் பாத்தனீரோ?"

"ரெண்டு தரம் பாத்தேன். மொகம் வர்ற நேரத்துல படம் நின்னு போச்சுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியில் விழுந்த வெளிச்சம், பந்தம் பிடித்த பிள்ளை, கட்டிய பெருவிரல்கள், முதுகுகள், நாய்க்கு முன்னால் ஓடிய நடிகர், ஒன்றையும் மறைக்கவில்லை. எனக்கு வேறுவிதமாகச் சொல்லத் தெரியாது. அவர் மேசை விரிப்பை விரலால் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு, "அப்ப நானே பாக்கிறன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாத்தா தன் வீட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, தேத்தண்ணி வைத்துவிட்டு, உள்ளே போய்விட்டார். என் கணவர் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு திரையைப் பார்த்து உட்கார்ந்தார். நான் பயந்ததுபோல அவர் அழவில்லை. வருகிற ஒவ்வொருவரையும் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். இவர் சங்கக்கடை மனேஜர். இது எங்களுக்குக் கணக்குப் படிப்பிச்ச வாத்தியார், எவ்வளவு மெலிஞ்சிட்டார். இந்தப் பெரியப்பாவும் அம்மாவும் வேலிச் சண்டையில கதைக்கிறேல்லை, அவரும் வந்திருக்கிறார். இது ஆரெண்டு தெரியேல்லை, ஆற்றையோ மகளாக்கும். கால்கள் வந்தபோது எழும்பி நின்றார். முதுகுகள் வந்தபோது, ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறவர்போலக் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. சாரத்தைத் தூக்கிக்கொண்டு நடிகர் ஓடத் தொடங்கியதும் நான்தான் போய் நிறுத்தினேன்.

"எல்லாரும் வந்திருக்கினம்" என்றார் அவர். பிறகு, "இதில இல்லாதது அம்மாவும் நானும்தான்" என்றார்.

கையைப் பிடித்து உட்கார வைத்தேன். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது, அதையே குடித்தார். எனக்கும் மனம் கேட்கவில்லை. அந்தப் பாதங்களைப் பார்த்த நேரத்திலிருந்து மேலே உள்ளதும் தெரியவேண்டும்போல ஒரே தவிப்பாக இருந்தது. என்னைச் சேர்க்காமலே போனவர் என்ற கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"அத்தை எப்படி இருப்பாங்க? எனக்குச் சொல்லுங்களேன்" என்று கேட்டேன்.

அவர் முகம் தெளிந்தது. சொல்லத் தொடங்கினார். அம்மா பொதுநிறம், அவரைவிடக் கொஞ்சம் வெளுப்பு. நெற்றி அகலம், அதில் எப்பவும் மூன்று குறி திருநீறு. முன்பற்களுக்கு நடுவில ஒரு இடைவெளி, அதாலதான் சிரிக்கேக்க கையால வாயைப் பொத்துவா. கோபம் வந்தால் சத்தம் போடமாட்டா, கண்ணை மட்டும் சின்னதாக்குவா. சின்ன வயதிலே கிணற்றடியில் துலாக் கயிறு அறுந்து அடித்துப் புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு.

"இவ்வளவு நீளத்துக்கு" என்று தன் முகத்திலேயே காட்டக் கையை உயர்த்தினார். விரல் இடது புருவத்துக்கு மேலே போய் நின்றது. "இஞ்ச" என்றார். பிறகு, "இல்லை" என்று வலது புருவத்துக்குக் கொண்டுபோனார். கண்ணை மூடிப் பார்த்தார். என் முகத்துக்கு நேரே கையை நீட்டி, அம்மா எதிரே இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒருமுறை காட்டிப் பார்த்தார். அந்தக் கையும் இரண்டு பக்கமும் போய் வந்தது. போகப் போக அவர் முகம் எனக்குப் பார்க்கப் பயமாக இருந்தது.

"அந்தச் சுவத்துப் படத்த அனுப்பச் சொல்லித் தங்கச்சிக்கு எழுதுவோமாங்க? தழும்பு எந்தப் பக்கம்னும் கேட்போம்" என்றேன்.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னெண்டு எழுதுறது?" என்றார்.